தமிழிலும் தடுமாறுகிறானா? எல்லையோரப் பெற்றோர், ஆசிரியர்களின் கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்துத் தமிழ்க் குடும்பங்களும் ஆசிரியர்களும் கேட்டவை. பதில் சொல்பவர் இப்பகுதி அரசுப் பள்ளிகளுக்குச் செல்லும் ஸ்பெஷல் டீச்சர் (சிறப்புக் கல்வி ஆசிரியர்).

கொழிஞ்சாம்பாறை, ஓர் அம்மா: டீச்சர், பையன் மலையாள மீடியத்தில் மூணாவது படிக்கிறான். எழுத்துக்கூட்டி வாசிக்கவே வரவில்லை. டிஸ்லெக்சியாவாக (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) இருக்கும் என்கிறார்கள். வீட்டில் தமிழ்தான்.

கண்ணும் காதும் பரிசோதித்தாச்சா? அது முதலில். அடுத்து, தமிழிலும் தடுமாறுகிறானா என்று பாருங்கள். டிஸ்லெக்சியா ஒரு மொழியோடு நிற்காது. சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதிலேயே சிக்கல் இருக்கும். தமிழ் எழுத்து தெரியாவிட்டாலும் வாயால் கேட்கலாம். 'பட்டம்' என்பதில் முதல் 'ப'வை எடுத்துவிட்டு 'க' போட்டால் என்ன வரும்? கதையைச் சரளமாகச் சொல்கிற பிள்ளை இதில் திணறினால் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. இதைச் சுலபமாகச் செய்துவிட்டு மலையாளத்தில் மட்டும் விழுந்தால், மொழிப் பழக்கம் போதவில்லை என்றே முதலில் எடுத்துக்கொள்வேன். தமிழில் ஒரு 'க' எழுதும் இடத்தில் மலையாளத்தில் நான்கு எழுத்துகள். தமிழ்க் காதுக்கு அவை பிடிபட நாளாகும், அது குறைபாடே இல்லை. எங்கே பரிசோதித்தாலும் தமிழில் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்குப் பிறகுதான் சான்றிதழ் தருவார்கள் என்பதால் உங்களுக்கு இது சரியான நேரம். பி.ஆர்.சி.க்கு (வட்டார வள மையம்) அனுப்பும்படி பள்ளியில் கேளுங்கள்.

வேலந்தாவளம், ஆசிரியை: ஆட்டிசம் உள்ள குழந்தை, மணி அடித்தால் பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறாள்.

மணி அவளுக்கு வலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள், வராந்தாவை விட்டுத் தள்ளி உட்கார வையுங்கள், காதை மூட ஹெட்போன் கொடுங்கள். அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்தி மேசையில் ஒட்டினால் அடுத்து என்ன என்ற பதற்றம் குறையும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு கட்டளை. 'என் கண்ணைப் பார்த்துப் பேசு' என்று வற்புறுத்த வேண்டாம், பார்க்காமலும் கேட்பாள். இதற்கெல்லாம் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கும் பள்ளிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

மீனாட்சிபுரம், ஓர் அப்பா: கோயம்புத்தூரில் வாங்கிய ஊனச் சான்றிதழ் கேரளத்தில் செல்லுமா? மூத்தவனுக்கு ஏடிஹெச்டி (கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும்), அவனுக்கும் கிடைக்குமா?

செல்லும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 58-ஆம் பிரிவு அதை நாடு முழுக்கச் செல்லுபடியாக்குகிறது. ஆனால் எஸ்.எஸ்.எல்.சி.யில் கூடுதல் நேரம், ஸ்க்ரைப் (சொல்லச் சொல்ல எழுதித் தருபவர்) வேண்டுமென்றால் பள்ளி வழியாகத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தொடங்கியதுமே தலைமையாசிரியரிடம் போய்விடுங்கள்.

மூத்தவன் விஷயம் சிக்கல். அந்தச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏடிஹெச்டி தனி வகையாக இல்லை. கூடவே கற்றல் குறைபாடும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

எருத்தேம்பதி, ஒரு பாட்டி: பேரனை நாலு போடு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மகன்.

ஆகாது, பாட்டி. பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே தடுக்கிறது. வீட்டிலும் வேண்டாம் என்று மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

வடகரப்பதி, ஆசிரியர்: வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம். மற்ற பிள்ளைகளுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்திப் பாடம் நடத்தாதீர்கள், 'பாவம்' என்ற சொல்லும் வேண்டாம். எந்தச் சத்தம் பிடிக்காது, எப்படிச் சொன்னால் சீக்கிரம் புரியும், எப்போது கவனம் சிதறும் என்று எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள். நீங்களும் எழுதுங்கள். ஆளுக்கு ஒரு மாதிரி வரும். அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம். ஆட்டிசம் என்று பெயர் சொல்வது பெற்றோரும் அந்தப் பிள்ளையும் சம்மதித்தால் மட்டும்.

முதலமடை, ஓர் அம்மா: மகளுக்கு ஆட்டிசம், பேச்சு தாமதம். இரண்டு மொழி குழப்பும், வீட்டில் தமிழை விட்டு மலையாளமே பேசுங்கள் என்கிறார்கள்.

விடாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு இன்னும் பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. உங்களுக்குத் தட்டுத்தடுமாறி வரும் மொழியில் பேசினால் வீட்டில் பேச்சே குறைந்துவிடும். அப்பத்தாவோடு அவள் எந்த மொழியில் பேசுவாள்? தெரபிஸ்டிடம் தமிழ்ச் சொற்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். பட அட்டை தந்தால் அதில் தமிழ்ப் பெயரையும் எழுதி வையுங்கள்.