பிரார்த்தனைக்கு வராத மகன்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ஆறு மாதமாக வீட்டுப் பிரார்த்தனையில் உட்கார மறுக்கிறான். போன வாரம் அவன் சட்டைப் பையில் சிகரெட் இருந்தது. கேட்டால் ‘நண்பனுடையது’ என்கிறான். கடவுள் பயம் போனதால்தான் இப்படியா? செல்போனைப் பிடுங்கிவிட்டு, கட்டாயமாகப் பிரார்த்தனையில் உட்கார வைக்க வேண்டும் என்கிறார் கணவர். சரியா?

பதில்: சகோதரி, நான் ஒருநாள்கூடப் பிரார்த்தனை தவறாத பிள்ளை. என் முதல் சிகரெட்டை 16 வயதில், பிரார்த்தனை முடிந்து திரும்பும் வழியில்தான் பிடித்தேன். பற்றவைத்துக் கொடுத்தவன், அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து உருகிப் பாடியவன்!

அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ட்ராவிஸ் ஹிர்ஷியும் ராட்னி ஸ்டார்க்கும் 1969-ல் வெளியிட்ட ஆய்வில், தேவாலயம் போகிற பிள்ளைகளுக்கும் போகாதவர்களுக்கும் தப்புத்தண்டாவில் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு வந்த பல ஆய்வுகளில், பக்தியுள்ள பிள்ளைகள் குடி, புகை, போதையிலிருந்து சற்று விலகியே இருந்தார்கள். ஏன் இந்த முரண்? கூட்டாளிகளும் அதே நம்பிக்கையோடு இருக்கும் இடத்தில்தான் பக்தி பிள்ளையைப் பிடித்து நிறுத்துகிறது என்று ஸ்டார்க்கே பின்னாளில் விளக்கினார். என் கூட்டாளியிடம் இருந்தது பாட்டு மட்டும்தான், நம்பிக்கை இல்லை.

குடும்ப விஷயத்தில் இவ்வளவு இழுபறி இல்லை. பெற்றோர் நெருக்கமாக இருப்பதாக உணரும் பிள்ளைகளிடம் புகை, போதை, அடிதடி எல்லாமே குறைவு என்று 1997-ல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று காட்டியது. எனக்குப் பிடித்தது ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் செய்து 2000-ல் வெளியானது. பிள்ளை எங்கே, யாரோடு இருக்கிறான் என்று தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் அதிகம் தடம்புரளவில்லை. ஆனால் பெற்றோருக்கு அது தெரிந்தது பெரும்பாலும் வேவு பார்த்து அல்ல; பிள்ளையே வந்து சொன்னதால்.

அன்று என் அப்பாவுக்கு வாடை தெரிந்துவிட்டது. “யாரோடடா போன?” என்று மட்டும் கேட்டார். சொல்லிவிட்டேன். அடித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

கட்டாயம் வேண்டாம். கட்டாயத்தில் கண்ணை மூடி உட்கார்கிறவன் என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியும். நான் அடுத்த சிகரெட்டை நினைத்தேன். பிரார்த்தனைக்குக் கூப்பிடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். போனைப் பிடுங்கினால் அவன் சொல்வதும் நின்றுபோகும். ‘நண்பனுடையது’ என்றானே, அந்த நண்பனை ஒருநாள் வீட்டுக்கு அழைத்துவரச் சொல்லுங்கள். சிகரெட் பேச்சை அன்று எடுக்காதீர்கள்.

ஆமாம், உங்கள் கணவர் புகைப்பவரா? அதை எழுதவில்லையே.