டாக்டரம்மா பதில்கள்: நாள் தள்ளிப்போகும் முன்னே

கேள்வி: எனக்கு 24 வயசு. முக்கூடல் பக்கம் கிராமம். பீடி சுத்துகிறேன். தாய்மாமனைத்தான் கட்டியிருக்கேன். போன வருஷம் பிறந்த பிள்ளைக்கு முதுகில் தோல் மூடாமல் கட்டிபோல இருந்தது, கொஞ்ச நாளில் தவறிவிட்டது. ஐந்தாம் மாசத்தில் கிரகணத்தன்று அரிவாள்மனையில் காய் நறுக்கினேன். அதனால்தான் இப்படி ஆச்சு என்று எனக்கு மாமியாராகவும் இருக்கிற என் ஆச்சி சொல்கிறாள். சொந்தத்தில் கட்டியது காரணமா? அடுத்ததும் இப்படி வருமா? (பெயர் வேண்டாம்)

பதில்: மகளே, முதலில் அந்த அரிவாள்மனையை மனசிலிருந்து இறக்கி வை. பிள்ளையின் முதுகுத்தண்டுக்குள் ஓடும் தண்டுவடம் தொடக்கத்தில் தட்டையான ஒரு பட்டையாக இருக்கும். பிறகு இரண்டு ஓரமும் மேலேறி ஒட்டிக்கொண்டு குழாயாக மூடும். கரு தங்கி 28 நாளுக்குள் இந்த வேலை முடிந்துவிடுகிறது. நம் வீட்டுக் கணக்கில், நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம். உன் பிள்ளைக்கு மூடாமல் நின்றது அப்போதே. நீ காய் நறுக்கியபோது எல்லாம் நடந்து சுமார் மூன்று மாசம் ஆகியிருந்தது. இதை ஆச்சிக்கு வாசித்துக் காட்டு. பேத்திப் பிள்ளை போன துக்கம் அவளுக்கும் இருக்கும். ஆனால் துக்கம் வரும்போதெல்லாம் பெற்றவள் தலையிலேயே பழியைக் கட்டுவதை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கு அது ஆறவில்லை.

அடுத்த பிள்ளைக்கு இதே குறை வரும் வாய்ப்பு நூற்றுக்கு 3 முதல் 5 வரை. அதையும் பெரிய அளவு குறைக்க வழி இருக்கிறது. 1991-இல் ஏழு நாடுகளில் 33 மையங்களில், உன்னைப்போல ஒரு முறை பாதிக்கப்பட்ட தாய்மாரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. கரு தங்குவதற்கு முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் எடுத்தவர்களுக்கு இந்தக் குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. நம் மருந்துக்கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரை கிடைக்கிறது. டாக்டரிடம் எழுதி வாங்கி, பிள்ளைக்கு முயல்வதற்கு மூன்று மாசம் முன்பே தொடங்கு. கரு தங்கி மூன்று மாசம் முடியும்வரை விடாதே. சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் ஆசிட் உண்டு, ஆனால் அதன் அளவு உனக்குப் போதாது. முருங்கைக்கீரையும் தட்டைப்பயறும் தாராளமாகச் சாப்பிடு, அவை மாத்திரைக்கு ஈடாகாது.

நம் ஊரில் எல்லோரும் எப்போது மாத்திரை தொடங்குகிறார்கள்? நாள் தள்ளி, ஒரு மாசம் பொறுத்துப் பார்த்து, நர்ஸிடம் பதிந்து, அட்டை வாங்கிய பிறகு. அதற்குள் அந்த 28 நாள் போயே போய்விடும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதே ஃபோலிக் ஆசிட்டும் வாங்குங்கள் என்று நான் பார்க்கிற பெண்களிடமெல்லாம் சொல்கிறேன். முதல் பிள்ளைக்குக் காத்திருப்பவர்களுக்கு 400 மைக்ரோகிராம் போதும். இந்தச் சத்துக்குப் பம்பாயோடு ஒரு சொந்தம் உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1928-இல் அங்கே வந்து, பஞ்சாலைப் பெண்களுக்குப் பேறுகாலத்தில் வரும் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாகிறது என்று 1931-இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலேட், அதாவது இதே ஃபோலிக் ஆசிட் வகைச் சத்துதான் என்று பின்னாளில் தெரிந்தது.

இனி சொந்தத்தில் கட்டிய விஷயம். முதுகுத்தண்டு மூடாமல் போவது ஒரே ஒரு ஜீனால் வருவதில்லை, அதனால் மாமனைக் கட்டியதுதான் காரணம் என்று யாரும் உன்னைச் சொல்ல முடியாது. ஆனாலும் உண்மையை மறைக்க மாட்டேன். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் ஜீன்களில் நாலில் ஒரு பங்கு பொது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒன்று. ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று பழுதானால் பெரும்பாலும் வெளியே தெரியாது. ஒரே பழுது இருவரிடமும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு நோயாக வர. பிறவிச் செவிடு, சில ரத்த நோய்கள் எல்லாம் இப்படி வருபவை. உங்கள் இரண்டு பக்கத்திலும் யாருக்காவது காது கேளாமை உண்டா, அடுத்தடுத்துப் பச்சைப்பிள்ளைகள் இறந்திருக்கிறார்களா என்று ஆச்சியிடமே கேட்டு மூன்று தலைமுறை எழுதிக்கொண்டு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மகப்பேறு பிரிவுக்கு இருவரும் போங்கள். சர்க்கரையும் பார்க்கச் சொல். கரு தங்கும் நேரத்தில் சர்க்கரை ஏறியிருந்தாலும் முதுகுத்தண்டு கெடும். வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல், வால்ப்ரோயேட் என்றால் மாற்றித் தருவார்கள். நீயாக நிறுத்தாதே.

பீடித்தூளின் நிகோடின் தோல் வழியாகவும் ஏறும், நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போகும், பிள்ளை எடை குறையும். பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கினால் அன்றைக்குக் கூலி இல்லை என்பது எனக்குத் தெரியும். உன் மாமன் அந்த மாசங்களுக்கு மட்டுமாவது வேறு வழி பார்க்கட்டும். முடியாத நாளில் காற்றோட்டமான திண்ணையில் உட்கார், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னாதே. கரு தங்கினால் 11 முதல் 13 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், இரண்டையும் தவறவிடாதே.

கேள்வி: வளைகுடாவில் இருந்து திரும்பியிருக்கிறேன். வயது 46, மனைவிக்கு 31. ஆணின் வயதாலும் பிள்ளைக்குப் பாதிப்பு வருமா? (வாசகர், கடையநல்லூர்)

பதில்: ஆண்கள் இதைக் கேட்டு எழுதுவது அபூர்வம், கேட்டதற்கு நன்றி. பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும்போதே இருப்பவை. விந்தணு ஆயுள் முழுக்கப் புதிதாக உருவாகிறது. ஒவ்வொரு முறை ஜீன்களை நகலெடுக்கும்போதும் சிறு பிழைகள் சேரும். ஐஸ்லாந்தில் 2012-இல் கணக்கிட்டபோது, தகப்பன் வயது ஒரு வருஷம் கூடினால் பிள்ளைக்குச் சுமார் இரண்டு புதிய மாற்றங்கள் கூடுவதாகத் தெரிந்தது. பெரும்பாலும் அவை தீங்கில்லாதவை, பயப்பட வேண்டாம். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாசம் ஆகும். ஆகவே சிகரெட், மது இருந்தால் இன்றே நிறுத்தி மூன்று மாசம் கழித்து முயலுங்கள். டாக்டரிடம் மனைவியை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்காராமல், நீங்களும் கூடவே போய் உங்கள் குடும்ப நோய்களையும் சொல்லுங்கள்.