மெல்லிய மடிக்கணினியில் புதிய எஸ்எஸ்டி பொருத்துதல்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம் ஐயா. என் மடிக்கணினியின் 256 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் அட்டை) நிரம்பிவிட்டது. 1 டிபி வாங்கிப் போட நினைக்கிறேன். எம்.2 என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொல்கிறார். அப்படியே வாங்கிவிடலாமா?

பதில்: பொறுங்கள். எம்.2 என்பது அட்டையின் வடிவத்துக்கும் அது செருகப்படும் ஸ்லாட்டுக்கும் உரிய பெயர் மட்டுமே. அதன் வழியே தரவு எந்த முறையில் செல்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. ஒரே வடிவத்தில், நொடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும் சாட்டா வகையும் உண்டு, பிசிஐஇ என்ற அதிவேக இணைப்பு வழியாக அதைவிடப் பல மடங்கு வேகத்தில் இயங்கும் என்விஎம்இ வகையும் உண்டு. சாட்டா அட்டையின் முனையில் பெரும்பாலும் இரண்டு வெட்டுகளும், என்விஎம்இ அட்டையில் ஒரு வெட்டும் இருக்கும். ஆனால் இரண்டு வெட்டுள்ள சாட்டா அட்டை, என்விஎம்இ-க்கு மட்டுமான ஸ்லாட்டிலும் தடையின்றி உட்கார்ந்துவிடும், உட்கார்ந்தும் கணினி அதைக் கண்டுகொள்ளாது. ஆகவே செருக முடிகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது நீளம். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், 2242, 2230 ஆகியவற்றையும் அப்படியே படிக்க வேண்டும். டெல், எச்பி, லெனோவோ ஆகிய நிறுவனங்கள் தங்கள் மாடல்களின் சர்வீஸ் மேனுவலைத் தத்தம் தளத்திலேயே இலவசமாக வைத்திருக்கின்றன. கடைக்காரரிடம் பேசுமுன் அதில் எஸ்எஸ்டி பற்றிய பக்கத்தைப் படித்துவிடுங்கள். இப்போது உள்ளே இருப்பது எது என்று அறிய, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் போதும். மலிவு விலை மாடல்கள் சிலவற்றில் எஸ்எஸ்டி-க்குப் பதிலாக இஎம்எம்சி என்ற சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை வீட்டில் மாற்ற வழியில்லை.

கேள்வி: சார், நீளம், வகை எல்லாம் சரிபார்த்துத்தான் 2 டிபி எஸ்எஸ்டி வாங்கினேன். பொருத்திய பிறகு அடிமூடி நடுவில் லேசாக மேடிட்டு நிற்கிறது. திருகை இறுக்கினால் உட்கார்ந்துவிடும் போலிருக்கிறது. இறுக்கலாமா?

பதில்: தயவுசெய்து இறுக்காதீர்கள். நீங்கள் சரிபார்க்காமல் விட்டது தடிமன். மெல்லிய மடிக்கணினிகளில் பலரும் இடறுவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் விற்பனைப் பெட்டியின் மேல் நீளமும் வேகமும் பெரிய எழுத்தில் இருக்க, தடிமனைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை.

எஸ்எஸ்டி அட்டையின் பலகை மட்டும் சுமார் 0.8 மி.மீ. தடிமன். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் சிப்புகள் இருந்தால் மொத்தம் 2.3 மி.மீ. அளவில் முடிந்துவிடும். இரு பக்கமும் சிப்புகள் இருந்தால் 3.8 மி.மீ. வரை போகும். கேட்பதற்கு ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஆனால் பதினைந்து மில்லிமீட்டர் தடிமனுக்குள் திரை, விசைப்பலகை, போர்டு, பேட்டரி எல்லாவற்றையும் அடுக்கிய கணினியில் அந்த ஒன்றரைக்கு இடம் விட்டிருக்க மாட்டார்கள். தொழில்நுட்பக் குறிப்புகளில் எஸ்3 என்றிருந்தால் ஒரு பக்க அட்டை, டி3 என்றிருந்தால் இரு பக்க அட்டை என்று கொள்ளலாம். கொள்ளளவு கூடும்போது இரு பக்கமாக மாறும் வழக்கம் சில வரிசைகளில் உண்டு என்பதால், நண்பர் வைத்திருக்கும் 1 டிபி பொருந்தியதை வைத்து அதே பெயருள்ள 2 டிபி-யும் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் ஒட்டிய அட்டைகள் மேசைக் கணினிக்கானவை. அவற்றைப் பற்றி இங்கே யோசிக்கவே வேண்டாம்.

மூடியை வலிந்து இறுக்கினால் அட்டை வளையும், சிப்புகளின் அடியிலுள்ள ஈயப் பற்றுகளில் விரிசல் விழும், சில மாதங்கள் கழித்துக் காரணம் தெரியாமல் கணினி உறைந்து நிற்கத் தொடங்கும். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு பக்க அட்டை வாங்குவதே வழி. இன்னொன்றையும் பாருங்கள்: பழைய எஸ்எஸ்டி-யை மீண்டும் போட்டு மூடினாலும் மேடு தெரிகிறதென்றால் குற்றம் எஸ்எஸ்டி-யில் இல்லை, பேட்டரி உப்பியிருக்கிறது. அப்படியானால் மின்னேற்றுவதை உடனே நிறுத்திவிட்டு முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

கேள்வி: அடிமூடியில் திருகுகளை எல்லாம் கழற்றிவிட்டேன். ஆனாலும் மூடி வரவில்லை. எதை விட்டுவிட்டேன்?

பதில்: அடியிலுள்ள நீளமான ரப்பர்ப் பட்டைக்குக் கீழே பாருங்கள். எச்பி மாடல்கள் பலவற்றில் அங்கே திருகுகள் ஒளிந்திருக்கும். அவற்றையும் எடுத்த பிறகு மூடியைப் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் கிளிப்புகள் மட்டுமே. கிட்டார் வாசிக்கும் பிளாஸ்டிக் பிக் ஒன்றைத் திரையின் கீல் இருக்கும் பக்கத்து மூலையிலிருந்து நுழைத்து, விளிம்பை ஒட்டி நகர்த்திக்கொண்டே போனால் ஒவ்வொரு கிளிப்பாக டக் டக்கென்று விடும். உலோக முனை வேண்டாம். கழற்றிய திருகுகள் ஒரே நீளமாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். ஒரு தாளில் கணினியின் அடிப்பகுதியை வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைப்பது நல்லது. நீளமான திருகைக் குட்டையான இடத்தில் ஏற்றினால் அது உள்ளங்கை வைக்கும் பகுதியைத் துளைத்துக்கொண்டு மேலே எட்டிப் பார்க்கும்.

மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுவது. கணினியை அணைத்துவிட்டோம், சார்ஜரையும் பிடுங்கிவிட்டோம் என்பது போதாது, போர்டில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். லெனோவோவின் திங்க்பேட் மாடல்களில், கணினி துவங்கும்போது முதலில் இயங்கும் நிரலான பயாஸுக்குள்ளேயே பேட்டரியைத் துண்டிக்கும் வசதி இருக்கிறது. பிறகு எஸ்எஸ்டி-யின் முனையிலுள்ள ஒற்றைத் திருகை எடுத்தால் அட்டை தானாகவே சாய்வாக எழுந்து நிற்கும். அந்தச் சாய்விலேயே வெளியே இழுக்க வேண்டும், புதியதையும் அதே சாய்வில் செருக வேண்டும். தங்க நிறப் பட்டைகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உள்ளே போன பிறகுதான் அழுத்திப் படுக்க வைத்துத் திருகைப் போட வேண்டும். பழைய அட்டைக்கு மேலோ கீழோ வெப்பத்தைக் கடத்தும் மென்மையான தெர்மல் பேட் இருந்தால் அதைப் பத்திரமாக எடுத்துப் புதியதற்கும் அதே பக்கத்தில் வையுங்கள். புதிய அட்டையின் மேலுள்ள ஸ்டிக்கரை உரிக்க வேண்டாம். சிலவற்றில் வெப்பத்தைப் பரப்பும் செம்புத் தகடு அதற்குள் இருக்கிறது, உரித்தால் வாரண்டியும் போய்விடக்கூடும்.

கேள்வி: என் கணினியில் ஒரே ஒரு ஸ்லாட்தான். விண்டோஸ் 11-ஐ அப்படியே புதியதற்கு மாற்ற முடியுமா?

பதில்: முடியும். புதிய எஸ்எஸ்டி-யை என்விஎம்இ-க்கான யுஎஸ்பி உறையில் போட்டு வெளியே இணைத்து, பழையதை அப்படியே நகலெடுத்து, அதாவது குளோன் எடுத்து, அதன் பிறகு உள்ளே மாற்றிக்கொள்ளலாம். சாட்டாவுக்கு மட்டுமான உறை இதற்கு உதவாது. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: உங்கள் கணினியில் தரவைப் பூட்டி வைக்கும், விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் நீங்கள் கேட்காமலேயே இயக்கப்பட்டிருக்கலாம். அதன் 48 இலக்க மீட்புச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, குறியாக்கத்தை முழுவதுமாக நீக்கிய பிறகு குளோன் எடுங்கள். வேலை முடிந்ததும் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

குளோன் முடிந்த பிறகு சி டிரைவ் பழைய அளவிலேயே நிற்பதைப் பார்த்துப் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். சி டிரைவை ஒட்டி மீட்புப் பகுதி ஒன்று குறுக்கே உட்கார்ந்திருக்க, புதிதாகக் கிடைத்த காலி இடம் அதற்கு அப்பால் கிடப்பதே காரணம். ஜிபார்ட்டெட் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு அந்தப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டால் சி டிரைவை விரிக்க முடியும்.

கேள்வி: புதிதாகவே நிறுவலாம் என்று பென்டிரைவில் விண்டோஸ் போட்டு இயக்கினேன். டிரைவே இல்லை என்கிறது. பயாஸில் தெரிகிறது. எஸ்எஸ்டி பழுதா?

பதில்: பயாஸில் தெரிந்தால் பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதும் கொண்ட மடிக்கணினிகளில் எஸ்எஸ்டி-யைக் கையாளும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு பெரும்பாலும் இயங்கிக்கொண்டிருக்கும். அதற்கான டிரைவர் நிறுவியில் இல்லாததால் எஸ்எஸ்டி கண்ணில் படுவதில்லை. இன்டெல் ஆர்எஸ்டி என்ற அந்த டிரைவரைப் பிரித்துப் பென்டிரைவில் போட்டு, நிறுவும் திரையில் அதை ஏற்றுங்கள். பயாஸில் விஎம்டி-யை அணைப்பதும் ஒரு வழி, ஆனால் அது புதிய நிறுவலுக்கு மட்டுமே. ஏற்கெனவே இயங்கும் விண்டோஸில் அணைத்தால் அது துவங்காமல் போகலாம்.

கேள்வி: 2015 மேக்புக் ஏர் வைத்திருக்கிறேன். இதற்கும் எம்.2 போட முடியுமா?

பதில்: நேரடியாக முடியாது. 2013 முதல் 2017 வரையிலான ஏர் மாடல்களில் ஆப்பிளின் தனி வடிவ ஸ்லாட் இருக்கிறது; சிறிய அடாப்டர் ஒன்றை இடையில் வைத்தால் 2280 என்விஎம்இ பொருந்தும். பழைய எஸ்எஸ்டி உள்ளே இருக்கும்போதே ஹை சியெரா அல்லது அதற்குப் பிந்தைய மேக் ஓஎஸ்-ஐ ஒருமுறை நிறுவிவிட வேண்டும், ஏனென்றால் என்விஎம்இ-யிலிருந்து துவங்கத் தேவையான ஃபர்ம்வேர் (கணினியின் சிப்பிலேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரல்) அதோடுதான் வருகிறது. அடிமூடிக்கு ஐந்திதழ் வடிவ பி5 திருப்புளியும், உள்ளே எஸ்எஸ்டி-க்கு டி5 திருப்புளியும் வேண்டும். 2018 முதல் வந்த ஏர்களில் சேமிப்பகம் போர்டோடு பற்றவைக்கப்பட்டது.

கேள்வி: நொடிக்கு 7000 எம்பி வேகமுள்ள ஜென் 4 வாங்கட்டுமா? என் கணினி 2019 மாடல், ஜென் 3 ஸ்லாட்.

பதில்: இயங்கும், ஆனால் 3500 எம்பி அளவோடு நின்றுவிடும். ஜென் என்பது பிசிஐஇ-யின் தலைமுறை எண், உங்கள் ஸ்லாட் மூன்றாம் தலைமுறை. விலை வித்தியாசம் அற்பமாக இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம். மின்விசிறியே இல்லாத அல்லது ஒற்றைச் சிறு விசிறியுள்ள கணினியில் அதிக மின்சாரம் இழுக்கும் அட்டை சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தனக்கென டிராம் என்ற தற்காலிக நினைவக சிப் இல்லாமல், கணினியின் நினைவகத்தில் சிறு பகுதியைக் கடன் வாங்கி இயங்கும் அட்டைகளைத் தரக்குறைவாகப் பேசுவோர் உண்டு. அலுவலக வேலைக்கும் படிப்புக்கும் அவையே போதும் என்பது என் கருத்து. சூடும் குறைவு, பேட்டரியும் சற்றுக் கூடுதலாக நிற்கும்.

கேள்வி: 1 டிபி போட்டேன், 931 ஜிபி-தான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. நிறுவனம் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. நம்ப முடியாத விலையில் பெயர் தெரியாத நிறுவனத்தின் அட்டையை வாங்கியிருந்தால் மட்டும் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள்.