பழைய ஹை பவர் ஆம்ப்ளிஃபையரை மறுபடி ஆன் பண்ணலாமா?

30 வருஷப் பழைய ஆம்ப், ரொம்ப நாளா சும்மா கிடக்கு, ஆன் பண்ணலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா பண்ணலாம், ஆனா நேரா பிளக்ல சொருகாதீங்க. டிரான்ஸ்ஃபார்மர் லேசுல போகாது, வயசாகிறது பவர் சப்ளைல இருக்குற பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருங்கதான் (சார்ஜைச் சேர்த்து வைக்கிற பாகம்), உள்ள இருக்குற திரவம் மெல்ல காஞ்சு கொர்ர்ன்னு ஹம் வர ஆரம்பிச்சிடும். ஆம்புக்கு வர்ற கரண்ட் லைன்ல 100 வாட் குண்டு பல்பை சீரிஸ்ல (கரண்ட் பல்பு வழியாவே ஆம்புக்குப் போற மாதிரி) போட்டு ஆன் பண்ணுங்க, பளிச்னு எரிஞ்சு உடனே மங்கிடுச்சுன்னா நல்லது, மங்காம பிரகாசமாவே எரிஞ்சா உள்ள எங்கயோ ஷார்ட்.

அப்புறம் ஸ்பீக்கரை மாட்டாம ஸ்பீக்கர் அவுட்புட்ல டிசி வோல்ட்டேஜ் எவ்வளவுன்னு அளந்து பாருங்க, 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா பயமில்ல. ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டு வந்து, வால்யூம் ஏத்தினா சரியாகுதுன்னா ரிலே (ஸ்பீக்கரை இணைக்கிற தானியங்கி சுவிட்ச்) கான்டாக்ட் கறுத்திருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம புது ரிலே மாத்துங்க. ஸ்பீக்கருக்கு பவர் கொடுக்கிற ஒரிஜினல் அவுட்புட் டிரான்சிஸ்டர் பலதும் இப்ப தயாரிக்கிறதே இல்ல, அதே நம்பர் போட்ட டூப்ளிகேட் நிறைய சுத்துது (பாதி வால்யூம்லயே போயிடும்). ஆஃப் பண்ண பிறகும் கெபாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், 200 வாட் செட்ல பிளஸ், மைனஸ் ரெண்டு பக்கமும் 60 வோல்ட் இருக்கலாம், டிஸ்சார்ஜ் ஆச்சான்னு மீட்டர் வச்சுப் பார்க்காம உள்ள கை வைக்காதீங்க.