தொண்ணூறுக்குள்ள நூறு எப்படி புகுந்துச்சு?

கேள்வி: எழுபது, எண்பதுன்னு ஒழுங்கா வந்துட்டு அடுத்தது மட்டும் ஏன் தொண்ணூறு? நூறே இன்னும் வரலியே! எம் பொண்ணு ஹோம்ஒர்க்ல ‘ஒன்பதுபது’ன்னு எழுதிட்டா, திட்டவும் மனசு வரல.
– ஒரு அம்மா, குடியாத்தம்

பதில்: திட்டாதீங்கம்மா, பாப்பா லாஜிக் கரெக்ட்டு, தமிழ்தான் நடுவுல எங்கியோ வழுக்கிடுச்சு. ஒன்பதுக்கு பழைய பேரு ‘தொண்டு’, பரிபாடல்ல மூணாவது பாட்டுல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிகினே வரும், எட்டுக்கு அப்புறம் தொண்டுதான். தேவநேயப் பாவாணர் இன்னா சொல்றார்னா, தொண்டு 9, தொண்பது 90, தொண்ணூறு 900, தொள்ளாயிரம் 9000 இப்படித்தான் இருந்திருக்கணும், தொண்டு பேச்சுல இருந்து போனதும் மேல இருந்ததெல்லாம் ஒரு படி கீழ இறங்கி உக்காந்துகிச்சு, தொண்பது ‘த’வ உதிர்த்துட்டு ஒன்பதாயிடுச்சுன்றார். இதை ஒத்துக்காதவங்களும் உண்டு, அவங்க கணக்குல ஒன்பதுன்னா பத்துக்கு ஒண்ணு கம்மி, தொண்ணூறுன்னா நூறுக்கு ஒரு பத்து கம்மி.

எனக்கு பாவாணர் பக்கம்தான் சாயத் தோணுது. காட்பாடி பக்கம் சித்தூர்ல இருந்து வந்து மாங்கா விக்கிற அம்மா எண்ணும்போது நின்னு கேளுங்க, ‘எனிமிதி, தொம்மிதி, பதி’ன்னு போவும், நாம தொலைச்ச அந்த ‘தொ’ அவங்க வாயில இன்னும் கீது. தெலுங்குல 90 தொம்பை, கன்னடத்துல தொம்பத்து, ரெண்டுலயும் நூறு கிடையாது. மலையாளம் மட்டும் நம்மள மாதிரியே தொண்ணூறு, தொள்ளாயிரம்.

கேள்வி: எங்க ஷூ கம்பெனில பாய்ங்க உருதுல கணக்கு சொன்னா 39 எனக்கு நாப்பது மாதிரி கேக்குது. காது பிரச்சனையா சார்?
– ஆம்பூர் வாசகர்

பதில்: காது நல்லாத்தான் கீது. நாப்பது சாலீஸ், 39 உன்தாலீஸ், வால் ஒண்ணுதான். முன்னாடி வர்ற ‘உன்’னுக்கு ஒண்ணு கொறையுதுன்னு அர்த்தம், சமஸ்கிருத ‘ஊன’த்துல இருந்து வந்தது. 19 உன்னீஸ், 29 உன்தீஸ், 49 உன்சாஸ்னு 79 வரைக்கும் இதே கதை, 89ம் 99ம் மட்டும் நவாசி, நின்யானவேன்னு வேற ரூட்டு. சின்ன வயசுல ஒரு கடையில பாய் ‘உன்சட்’ன்னாரு, எனக்கு பின்னாடி இருந்த ‘சட்’ மட்டும் காதுல விழுந்து அறுபது ரூபாய நீட்டிட்டேன், அவரு சிரிச்சுகினே ஒத்த ரூபா காச என் உள்ளங்கையில வச்சு ‘இதான்டா உன்’னு காட்டினாரு, அதுல இருந்து மறக்கல. லத்தீன்காரங்க 19ஐ இருபதுக்கு ஒண்ணு கம்மின்னதோட விடல, 18ஐயும் ரெண்டு கம்மின்னே சொன்னாங்க.

கேள்வி: தம்பி பையன் பாண்டிச்சேரில பிரெஞ்சு படிக்கிறான், 99 சொல்றதுக்குள்ள மூச்சு வாங்குதாம்.
– சோளிங்கர் வாசகி

பதில்: வாங்கத்தான் செய்யும், கட்ர-வேன்-டிஸ்-நெஃப், அதாவது நாலு இருபது, பத்து, ஒன்பது. எண்பதே அங்க ‘நாலு இருபது’தான். பெல்ஜியத்துலயும் சுவிட்சர்லாந்துலயும் இதே பிரெஞ்சுதான், ஆனா தொண்ணூறுக்கு நோனான்த்னு ஒரே வார்த்தை. பையனுக்கு அங்க வேலை தேடச் சொல்லுங்க.