போர்ட்டல் 2 லெவல்களில் ஓட்டை அடைப்பது: கேள்வி பதில்

முதலில் புதியவர்களுக்காக நாலு வரி. 2011இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புதிர் ஆட்டமான போர்ட்டல் 2க்கு, 2012 மே மாதம் நாமே லெவல் கட்டும் கருவி வந்தது. கட்டியவர் நினைக்காத குறுக்கு வழியைத்தான் ஓட்டை என்கிறேன். போர்ட்டல் என்பது நாம் சுவரில் சுட்டு ஒட்டும் வாசல்; இரண்டு போட்டால் ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியே வரலாம். அது வெள்ளைச் சுவரில் ஒட்டும், கறுப்பில் ஒட்டாது. ஃபிஸ்லர் என்பது ஒரு ஒளித்திரை. அதன் வழியே போர்ட்டல் சுட முடியாது. நாம் அதைக் கடந்தால் போட்ட போர்ட்டல்கள் அழியும், கொண்டுபோகும் கியூபும் (தரைப் பட்டனை அழுத்தி வைக்க உதவும் பெட்டி) கரைந்துவிடும்.

கேள்வி: அண்ணா, என் லெவலுக்கு இரண்டு கியூப் வேண்டும். ஒன்று வெளிப் பட்டனில் இருந்தால்தான் கதவு திறந்திருக்கும், இன்னொன்று உள்ளறைப் பட்டனுக்கு. என் நண்பன் ஒரே கியூபில் முடித்துவிட்டான்!

பதில்: தம்பி, இதில் மாட்டாதவர்கள் குறைவு. அவர் கியூபை வெளிப் பட்டனில் வைத்து உள்ளே போயிருப்பார். உள்சுவரில் ஒரு போர்ட்டல், வெளியே வந்து பட்டன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு கியூபைத் தூக்கியிருப்பார். கதவு மூடும், ஆனால் உள்ளே ஒட்டிய போர்ட்டல் அங்கேயே இருக்குமே! அதன் வழியாகக் கியூபோடு நுழைந்துவிட்டார்.

கதவுக்கு எதிரே உள்ள சுவரை மட்டும் கறுப்பாக்கினால் வெளியிலிருந்து சுடுவது நிற்கும், அவ்வளவுதான். உள்ளே நுழைந்தவர் பக்கச் சுவரில் சுடுவார். கதவில் ஃபிஸ்லர் போட்டால் போர்ட்டல் பிரச்சினை தீரும், ஆனால் உன் இரண்டாவது கியூபும் அதில் கரையும். அதனால் உள்ளறையில் தரை, கூரை, நான்கு சுவர் எல்லாமே கறுப்பாக இருக்கட்டும். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். தேவையில்லாத வெள்ளைப் பலகை ஒவ்வொன்றும் ஒரு திறந்த ஜன்னல்.

கேள்வி: நடுவில் பெரிய பள்ளம். பாலம் வரவழைத்துக் கடக்க வேண்டும். ஆட்கள் பறந்தே போய்விடுகிறார்கள்.

பதில்: விழும் வேகம் போர்ட்டலைத் தாண்டியும் குறையாது. தரையும் கூரையும் நேருக்கு நேர் வெள்ளையாக இருந்தால், அவற்றுக்கிடையே விழுந்துகொண்டே வேகம் ஏற்றலாம். போதுமான வேகம் வந்ததும் கூரைப் போர்ட்டலைச் சுவருக்கு மாற்றினால் அம்பு மாதிரி வெளியே வருவார்கள். உயரத்திலிருந்து குதித்து இறங்கும் இடத்திலும் வெள்ளைத் தரை வேண்டாம். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: எங்கே பார்த்தாலும் ஃபிஸ்லர் போட்டுவிட்டேன். இப்போது ஆடுபவர் பாதியில் சிக்கிக்கொள்கிறார்.

பதில்: சிக்கவைப்பது குறுக்கு வழியைவிட மோசம் அக்கா. குறுக்கு வழியில் போனவர் சந்தோஷமாகப் போகிறார், சிக்கியவர் லெவலையே மூடிவிடுவார். ஒவ்வொரு அடைப்புக்குப் பிறகும், “கியூபை இங்கே தொலைத்தால் திரும்பக் கிடைக்குமா? இந்த மேடையிலிருந்து இறங்கினால் மேலே வர வழி உண்டா?” என்று கேட்டுப் பாருங்கள். கியூப் அழிந்தால் புதிது தானாக விழும்படி அமைக்கலாம்.

கேள்வி: வேறு ஆட்டங்களுக்கும் இதே யோசனைதானா?

பதில்: பாபா இஸ் யூ (2019) ஆடிப் பாருங்கள். அதில் விதிகளே தள்ளக்கூடிய சொற்கள். உடைபடக் கூடாத விதியை மூலையில் வைத்துவிடுவார்கள், பின்னால் நின்று தள்ள இடமே இருக்காது. தடைப் பலகை எதுவும் இல்லை, இருக்கும் இடமே காவல்.

கேள்வி: எல்லா ஓட்டையையும் அடைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். போன மாதம் ஒரு பையன் என் லெவலை ஆடும்போது பின்னால் நின்று பார்த்தேன். வாயே திறக்கவில்லை. லேசரைத் திருப்ப நான் கொடுத்த கண்ணாடிக் கியூபை அவன் சும்மா எடையாகப் பட்டனில் வைத்தான். கதவு திறந்தது, லேசர் அறையையே அவன் பார்க்கவில்லை. அதை அன்றிரவே அடைத்தேன், லெவலின் உயிரே அந்த அறைதான். இன்னொருத்தி, நான் காட்டிய ஒளிப்பாலத்தைச் செங்குத்தாக நிற்கவைத்துச் சுவராகப் பயன்படுத்தினாள். அவளும் அதே கருத்தைப் புரிந்துகொண்டுதான் வந்தாள், வேறு வாசல் வழியாக. அது இன்னும் அப்படியே இருக்கிறது.