‘கார்ன்’ என்றால் எந்தத் தானியம்? – கேள்வி பதில்

கே: சார், கார்ன் என்றால் மக்காச்சோளம்தானே?

ப: எழுதியவர் அமெரிக்கர் என்றால் ஆமாம். பழைய பிரிட்டிஷ் எழுத்தில் அது பொதுவாகத் தானியம். இங்கிலாந்தில் பெரும்பாலும் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ். அந்தந்த வட்டாரத்தில் எது அதிகம் விளைந்ததோ அதுதான் அங்கே கார்ன். எந்த நாடு, எந்தக் காலம் என்று பார்க்காமல் பொருள் சொல்லாதீர்கள்.

கே: அமெரிக்கச் செய்முறையில் ‘கார்ன்ஃப்ளோர்’ என்று இருந்தது. கடையில் அதே பெயரில் வாங்கிப்போட்டேன். ரொட்டி உதிர்ந்துவிட்டது.

ப: நீங்கள் வாங்கியது வெறும் ஸ்டார்ச். இங்கே வெள்ளைப் பாக்கெட்டில் கார்ன்ஃப்ளோர் என்று விற்பது பிரிட்டிஷ் வழக்கு. அதையே அமெரிக்கர் கார்ன் ஸ்டார்ச் என்பார்கள். அவர்களுடைய கார்ன்ஃப்ளோர் மக்காச்சோளத்தை நைசாக அரைத்த மாவு, பெரும்பாலும் மஞ்சள். ‘மக்கி ஆட்டா’ என்று கேட்டு வாங்குங்கள். ‘சோள மாவு’ என்று கேட்டால் வெள்ளைச்சோள மாவைக்கூடக் கட்டித் தருவார்கள். விரலில் தேய்த்துப் பாருங்கள்: ஸ்டார்ச் வழுவழுவென்று கீச்சிடும், மாவு லேசாக நறநறக்கும்.

கே: ஸ்டார்ச் போட்டால் கிரேவி கட்டிதட்டுகிறதே?

ப: சூட்டில் நேராகக் கொட்டினால் மேல்பக்கம் உடனே வெந்து பசையாகிவிடும், உள்ளே மாவு காய்ந்தே கிடக்கும். ஒரு கப் கிரேவிக்கு ஒரு மேசைக்கரண்டி. இரண்டு கரண்டி குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும்போது கிளறிக்கொண்டே ஊற்றி, ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள்.

கே: 1611 ஆங்கில பைபிளில் யோசேப்பின் சகோதரர்கள் எகிப்துக்குப் போய் கார்ன் வாங்குகிறார்கள். அப்படியென்றால் அங்கே அப்போதே மக்காச்சோளம் இருந்ததே?

ப: இல்லை. மக்காச்சோளத்தின் தாய்நிலம் மெக்சிகோ; 1492க்குப் பிறகுதான் கடல் தாண்டி வந்தது. தமிழ் பைபிளைத் திறந்து பாருங்கள், ‘தானியம்’ என்றே இருக்கும்.

கே: அச்சில் கார்ன் என்றுதானே இருக்கிறது? எழுத்தில் உள்ளதை எப்படி மறுக்கிறீர்கள்?

ப: எழுத்தை மறுக்கவில்லை, இன்றைய பொருளை அன்றைக்கு ஏற்றுவதைத்தான் மறுக்கிறேன். 1815இல் வந்து 1846இல் நீக்கப்பட்ட பிரிட்டனின் ‘கார்ன் சட்டங்கள்’ கோதுமை உள்ளிட்ட தானிய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியவை. அமெரிக்காவில் குடியேறியவர்கள் மக்காச்சோளத்தை முதலில் ‘இந்தியன் கார்ன்’ என்றார்கள். பிறகு முன்னொட்டு உதிர்ந்தது. தமிழிலும் பாருங்கள்: சோளம் என்ற பெயர் இங்கே முன்பே இருந்த பயிருக்கு உரியது. புதிதாக வந்தது ‘மக்கா’ சேர்த்துக்கொண்டது. இன்று தியேட்டர் வாசலில் ‘சோளம்’ என்றால் எதைக் கையில் கொடுக்கிறார்கள்?

கே: கார்ன்ட் பீஃபில் சோளம் உண்டா?

ப: கிடையாது. உப்புக் கற்களையும் கார்ன் என்பார்கள். அந்த உப்பில் ஊறிய இறைச்சி.

கே: கார்ன்ஃப்ளோரும் கார்ன் ஸ்டார்ச்சும் ஒன்றா?

ப: மேலே இருக்கிறது. நாட்டைப் பாருங்கள்.

கே: கால் ஆணிக்கும் கார்ன் என்கிறார்களே, மருந்து என்ன?

ப: மருந்துக்கு மருத்துவரிடம் போங்கள். அந்தச் சொல் வேறு, லத்தீனில் கொம்பு. யூனிகார்னில் இருப்பதும் அதுவே.

கே: பார்லிகார்ன்?

ப: ஒரு பார்லி மணியின் நீளம். மூன்று சேர்ந்தால் ஓர் அங்குலம். பிரிட்டிஷ் அளவில் 7ஆம் எண் செருப்பிலிருந்து 8க்குப் போனால் இன்றும் ஒரு பார்லி மணிதான் கூடுகிறது, சுமார் 8.5 மில்லிமீட்டர்.